நடப்படாத தூணும் கரை ஒதுங்கிய திமிங்கலமும்

2023 ஜனவரி 30. நியூயார்க் நகரத்தை ஒட்டிய லாங் ஐலண்டில், லைடோ பீச் கரையில் ஒரு கூன்முதுகுத் திமிங்கலம் ஒதுங்கிக் கிடந்தது. ஆண். நீளம் 40 அடிக்கு மேல், நம் ஊர் டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல். அலை மறுபடி இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று மண் அள்ளும் இயந்திரங்களைக் கொண்டுவந்து மேட்டுக்கு இழுத்தார்கள். அது ஆராய்ச்சியாளர்களுக்குப் பழகிய விலங்குதான். பதிவேட்டில் அதன் பெயர் லூனா. வயது 40ஐ ஒட்டி இருக்கும் என்று கணித்தார்கள்.

இவ்வளவு பெரிய உடலுக்குப் போஸ்ட்மார்ட்டம் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இந்த வழக்கின் மையமே அதுதான். முழங்கால் வரை பூட்ஸ் போட்டவர்கள் நீளக் கத்திகளோடு உடலைச் சுற்றி நின்றுகொண்டு, தோலையும் அதற்குக் கீழே இருக்கும் கொழுப்பையும் பட்டை பட்டையாக அறுப்பார்கள். அறுத்த பட்டையை இயந்திரம் கொக்கி போட்டு உரிக்கும். உரித்த இடத்தில் முதலில் தேடுவது ரத்தக்கட்டு. வெளித் தோலில் கீறல்கூட இல்லாமல் உள்ளே ஒரு பக்கம் முழுக்கக் கன்றிப்போயிருக்கலாம். ரத்தம் கட்டியிருந்தால், அடி விழுந்தபோது விலங்குக்கு உயிர் இருந்தது என்று அர்த்தம். செத்து மிதந்த உடலில் கப்பல் மோதினால் எலும்பு முறியுமே தவிர ரத்தம் கட்டாது. லூனாவின் உடலில் கண்டது, கப்பல் மோதியதற்கான அடையாளங்களோடு ஒத்துப்போகும் காயம் என்பதுதான் முதற்கட்ட முடிவு.

ஆனால் அந்த முடிவு வருவதற்கு முன்பே தீர்ப்பு ஊருக்குள் வந்துவிட்டது: கொன்றது காற்றாலை.

33 நாளில் 6 உடல்கள்

அந்தக் குளிர்காலத்தில் லூனா முதல் ஆள் இல்லை. 2022 டிசம்பர் தொடங்கி 33 நாளில் நியூயார்க், நியூ ஜெர்சி கரைகளில் 6 திமிங்கலங்கள் ஒதுங்கியிருந்தன. அவற்றில் இரண்டு, அட்லாண்டிக் சிட்டி என்ற ஒரே ஊரில். ஜனவரி 9ஆம் தேதி அந்த ஊர்க் கடற்கரையில் சூழல் அமைப்புகள் சில பத்திரிகையாளர்களைக் கூட்டி, கடற்காற்றாலை வேலைகள் அனைத்தையும் உடனே நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று கேட்டன. அதைத் தொடர்ந்து கடலோர ஊர்களின் மேயர்களும் அதே கோரிக்கையோடு கடிதம் எழுதினார்கள்.

அவர்கள் எல்லோரையும் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணெதிரே பிணம் கிடக்கிறது. அதே கடலில் புதிதாக ஒரு வேலை தொடங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது மனித இயல்புதானே? டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம் நியூ ஜெர்சிக் கடலில் ஓஷன் விண்ட் என்ற பெயரில் இரண்டு பெரிய திட்டங்களை வைத்திருந்தது. ஆய்வுக் கப்பல்கள் கடலின் அடித்தளத்தை அளந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பல்கள் தண்ணீருக்குள் ஒலி அனுப்புகின்றன என்பதும் உண்மை.

ஆனால் நியூ ஜெர்சிக் கடலில் அன்று ஒரு தூண்கூட நடப்பட்டிருக்கவில்லை. நடந்தது அளவெடுப்பு மட்டுமே.

அந்த அளவெடுப்பைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் தேடுகிறவர்கள் அழுத்தக் காற்றை வெடிக்கவைத்து, கடலடிப் பாறைக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஊடுருவும் ஒலியை அனுப்புவார்கள். அது பலத்த இரைச்சல், நெடுந்தூரம் போகும். காற்றாலைக்காரர்களுக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம். தூண் இறங்கப்போகும் சில பத்து மீட்டர் மண் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதனால் இவர்கள் கருவிகளின் சக்தி குறைவு. ஒலியும் பெரும்பாலும் குறுகலான கற்றையாகக் கீழ்நோக்கிப் போகும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினரும் கூட்டாளிகளும் 2022இல் இந்தக் கருவிகளை வகைப்படுத்தி, இவற்றில் பெரும்பாலானவை திமிங்கலங்களுக்குத் தொந்தரவு தரும் வாய்ப்பே மிகக் குறைவு என்று எழுதியிருந்தார்கள்.

அப்புறம் ஒரு சொல் செய்த குழப்பம். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டு கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தில் ‘டேக்’ என்று ஒரு சொல் வருகிறது. வேட்டையாடுவது, பிடிப்பது, கொல்வது மட்டுமல்ல, விலங்கு தன் பாதையை மாற்றிக்கொள்ளும் அளவுக்குத் தொந்தரவு செய்வதும் சட்டப்படி ‘டேக்’தான். காயம் ஏற்படக்கூடிய தொந்தரவு ஏ வகை, நடத்தை மட்டும் மாறும் தொந்தரவு பி வகை. ஆய்வுக் கப்பல்களுக்குக் கொடுத்தவை பி வகை அனுமதிகள். ஆனால் அனுமதிப் பத்திரத்தில் இருந்த எண்ணிக்கையை எடுத்து, ‘இத்தனை திமிங்கலங்களைக் கொல்ல அரசே அனுமதி கொடுத்திருக்கிறது’ என்று பரப்பினார்கள். நாலு வரியில் விளக்கிவிடக்கூடிய விஷயம். அதை விளக்க வேண்டிய அலுவலகங்கள் சட்ட மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தன. கோபத்தில் இருக்கும் மக்களிடம் ‘பி வகைத் தொந்தரவு’ என்று அறிக்கை கொடுத்தால் யார் கேட்பார்கள்?

உடல்கள் சொன்னது

அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் கணக்கு என்ன சொல்கிறது? மெய்ன் முதல் ஃபுளோரிடா வரையிலான கரையில் கூன்முதுகுத் திமிங்கலங்களின் சாவு வழக்கத்தைவிட அதிகமாகத் தொடங்கியது 2016 ஜனவரியில். அந்நாட்டின் முதல் கடற்காற்றாலையான பிளாக் ஐலண்ட் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். அதுவும் மொத்தமே 5 காற்றாடிகள். 2016 முதல் இன்றுவரை ஒதுங்கிய கூன்முதுகுத் திமிங்கலங்கள் 200க்கும் மேல். அவற்றில் பாதியைத்தான் அறுத்துப் பார்க்க முடிந்தது. பார்த்தவற்றில் சுமார் 40 சதவீதத்தில் கப்பல் மோதிய அல்லது கயிற்றில் சிக்கிய தடயம் இருந்தது.

மீதி 60 சதவீதம்? எதிர்ப்பாளர்கள் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. பல உடல்கள் அழுகிய பிறகுதான் கரைக்கு வருகின்றன. கொழுப்புப் போர்வைக்குள் உடல் சூடு அடங்காது, உள்ளுறுப்புகள் சீக்கிரம் குழைந்துவிடும். ஒலியால் காது கெட்டதா என்று பார்ப்பது இன்னும் கடினம். காதெலும்பை உடல் கெடும் முன்பே எடுத்துப் பதப்படுத்தியாக வேண்டும். ஆகவே ‘காற்றாலைதான் கொன்றது என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று நோவா சொன்னபோது, ஒவ்வொரு பிணத்துக்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை மூடிமறைக்கக் கூடாது. ஆதரவாளர்களில் சிலர் மறைத்தார்கள். அது அவர்கள் தரப்புக்கே கெடுதலாகப் போனது.

அந்தக் குளிர்காலத்தில் ஏன் இத்தனை? மென்ஹேடன் என்று ஒரு மீன், நம் மத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ளது, கூட்டங்கூட்டமாகத் திரிவது. அது கரையை ஒட்டி வந்தால் அதைத் தின்ன இளம் திமிங்கலங்களும் கரையை ஒட்டி வரும். நியூயார்க், நியூ ஜெர்சித் துறைமுகத்தின் கப்பல் பாதை அந்தக் கடலில்தான் போகிறது. 2022இல் சரக்குப் பெட்டிகளைக் கையாள்வதில் சில மாதங்கள் லாஸ் ஏஞ்சலிஸையே முந்திவிட்ட துறைமுகம் அது. இரை இருக்கும் இடத்திலேயே லாரி ஓடும் நெடுஞ்சாலையும் இருந்தால் என்ன ஆகும்?

கூன்முதுகுத் திமிங்கலமாவது எண்ணிக்கையில் தேறியிருக்கும் இனம். நான் உண்மையில் பயப்படுவது ரைட் வேல் என்ற வடஅட்லாண்டிக் திமிங்கலத்துக்கு. ‘சரியான திமிங்கலம்’ என்று வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் என்பார்கள். மெதுவாக நீந்தும், கரையோரம் வரும், கொன்றால் மூழ்காமல் மிதக்கும். வேட்டைக்குச் சரியானது! 2010 வாக்கில் 480ஐ ஒட்டி இருந்தது, பத்தே ஆண்டில் 350 சுற்றளவுக்கு இறங்கியது. குட்டி போடும் நிலையில் இருக்கும் பெண் விலங்குகள் 70 வரைதான். 2017இல் ஒரே ஆண்டில் 17 செத்தன. மெய்ன் வளைகுடா சூடேற, இரையைத் தேடிக் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே கப்பல் வேகக் கட்டுப்பாடும் இல்லை, நண்டுக் கூண்டுக் கயிறுகளுக்குத் தடையும் இல்லை. இன்று உயிரோடு இருப்பவற்றில் 85 சதவீதத்துக்கு மேல் ஒருமுறையாவது மீன்பிடிக் கயிற்றில் சிக்கிய தழும்போடுதான் நீந்துகின்றன. கயிறு வாயில் மாட்டினால் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே திரியும். மெலிந்து மெலிந்து சாகும்.

உண்மையான கவலை

சரி, அப்படியானால் காற்றாலையால் கடல் உயிர்களுக்குத் தொந்தரவே இல்லையா? இருக்கிறது. என் வருத்தமே இதுதான்: இல்லாத குற்றத்தைப் பற்றிக் கத்திய கத்தலில், இருக்கிற பிரச்சினையைப் பற்றிப் பேசியவர்கள் குரல் எடுபடவில்லை.

முதல் பிரச்சினை தூண் அடிப்பது. கடற்காற்றாலை நிற்பது பெரும்பாலும் ஒற்றை இரும்புக் குழாய்த் தூணில். விட்டம் 8 மீட்டர், 10 மீட்டர். உள்ளே ஒரு வீட்டையே வைக்கலாம். அதை ஹைட்ராலிக் சுத்தியலால் ஆயிரக்கணக்கான முறை அடித்துக் கடல்மண்ணில் இறக்குகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் தூண் முழுதும் மணி போல அதிர்ந்து தண்ணீருக்குள் ஒலியைத் தள்ளும். தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இருட்டுக் கடலில் கண்ணால் பெரிதாகப் பயன் இல்லாத விலங்குகளுக்கு ஒலிதான் கண்ணும் வாயும்.

இரைச்சல் அவற்றை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. தண்ணீருக்குள் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அதே நாட்களில் ரைட் வேல்களின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்கள் பின்னால் சோதித்துப் பார்த்தபோது, மன அழுத்த ஹார்மோன் அளவும் இறங்கியிருந்தது தெரிந்தது. தினசரிக் கப்பல் சத்தமே அவற்றுக்கு ஓயாத உளைச்சல் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடலில் சுத்தியலையும் சேர்க்கப்போகிறோம் என்றால், எப்போது, எப்படி, எத்தனை சத்தத்தில் என்று கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்படிக் கணக்குப் பார்த்த ஒப்பந்தம் ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் கடலில், பின்னால் 62 காற்றாடிகள், 806 மெகாவாட் என்று முடிவான திட்டத்தை வைத்திருந்த வினியார்ட் விண்ட் நிறுவனம், 2019 ஜனவரியில் சூழல் அமைப்புகளோடு கையெழுத்துப் போட்டது. ரைட் வேல்கள் அந்தப் பக்கம் அதிகம் வரும் ஜனவரி முதல் ஏப்ரல் இறுதி வரை தூண் அடிக்கவே கூடாது. மற்ற மாதங்களிலும் கண்காணிப்பாளர்கள் கப்பலில் நிற்க வேண்டும், நீருக்குள் ஒலிவாங்கிகள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்த்த காரியம் பத்திரிகையில் பெரிய செய்தியாகவில்லை.

குமிழித் திரை என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தூண் இறங்கும் இடத்தைச் சுற்றிக் கடல் தரையில் வட்டமாக ஒரு குழாயைப் போடுவார்கள். குழாய் நெடுகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பக்கத்துக் கப்பலில் வரிசையாக நிற்கும் கம்ப்ரஸர்கள் காற்றை அழுத்தி அனுப்ப, தரையிலிருந்து மேல்மட்டம் வரை குமிழிகள் சுவர் மாதிரி எழும். மேலிருந்து பார்த்தால் நீலக் கடலில் பால் நுரை வளையம் தெரியும், நடுவில் தூண். தண்ணீரில் வரும் ஒலி குமிழிக் காற்றில் முட்டித் திரும்புகிறது, சிதறுகிறது. சத்தம் 10 டெசிபலும் அதற்கு மேலும் குறையும். 10 டெசிபல் என்பது சின்ன எண்ணாகத் தெரிந்தாலும், ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது என்று பொருள்.

இதைத் தொழிலாக வளர்த்தது ஜெர்மனி. வளர்த்ததற்குக் காரணம் விதி. தூணிலிருந்து 750 மீட்டர் தூரத்தில் ஒவ்வொரு அடியின் ஒலியும் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். (தண்ணீர் டெசிபல் வேறு, காற்று டெசிபல் வேறு; தண்ணீர்க் கணக்கில் ஏறக்குறைய 62ஐக் கழித்தால்தான் நமக்குப் பழகிய எண்ணுக்குப் பக்கத்தில் வரும்.) வடகடலில் போர்பாய்ஸ் என்று ஓங்கல் இனத்துக்கு உறவான சின்ன விலங்கு உண்டு. ஆல்ஃபா வென்டுஸ் என்ற முதல் ஜெர்மன் கடற்காற்றாலையைக் கட்டும்போது, 20 கிலோமீட்டர் வரைகூட அவை விலகி ஓடியது பதிவானது. வரம்பு வந்த பிறகு நிறுவனங்கள் குமிழித் திரையை மேம்படுத்திக்கொண்டே போயின. தொழில்நுட்பம் வந்த பின் விதி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம்மிடம் எதற்கெடுத்தாலும் ‘தொழிலை முடக்கிவிடும்’ என்று சொல்கிறவர்கள் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

கட்டி முடித்த பிறகு? இங்கே பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. நெதர்லாந்தின் எக்மண்ட் ஆன் ஸே காற்றாலைக்குள் போர்பாய்ஸ் நடமாட்டம் வெளியில் இருந்ததைவிட அதிகமாகப் பதிவானது. மீன்பிடிக் கப்பல் வராத அமைதி, தூணடியில் சேர்ந்த மீன் ஆகியவை காரணமாக இருக்கலாம். டென்மார்க்கின் நிஸ்டெட்டில் நேர்மாறு: பத்தாண்டு ஆகியும் அவற்றின் ஒலித் தடயம் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே இனம்தான். இரண்டு ஊரிலும் இந்த வித்தியாசம் தெரிய வந்ததற்குக் காரணம், கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டு வைத்திருந்தார்கள் என்பதுதான்.

இன்னொரு கவலை நான்டக்கெட் மேட்டுக்கடல், அதாவது மாசசூசெட்ஸின் நான்டக்கெட் தீவை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதி. ரைட் வேலின் இரை அரிசிமணி அளவே உள்ள ஒரு மிதவை உயிரி. அது கோடிக்கணக்கில் ஓரிடத்தில் குவிந்தால்தான் அவ்வளவு பெரிய விலங்குக்கு வயிறு நிறையும். நீரோட்டம் குவிக்கிறது. காற்றாலை காற்றின் வேகத்தைக் குறைக்கிறது, தூண்கள் ஓட்டத்தில் சுழிப்பை உண்டாக்குகின்றன. அப்படியானால் குவியல் கலைந்துவிடுமா? 2022 மே மாதம் நோவாவின் மூத்த அறிவியலாளர் ஷான் ஹேஸ், அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கே கடிதம் எழுதினார். அந்த மேட்டுக்கடலை ஒட்டி 20 கிலோமீட்டர் தூரத்துக்குக் காற்றாடி நட வேண்டாம் என்பது யோசனை. அரசுக்கு உள்ளேயிருந்தே வந்த, தேதியும் தூரமும் சொல்லிய கவலை. 2023 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு இதை ஆராய்ந்தது. காற்றாலையின் விளைவைப் பருவநிலை மாற்றத்தின் பெரிய மாற்றங்களிலிருந்து பிரித்துக் காண்பதே கடினம், நேரடி அளவீடுகள் வேண்டும் என்று சொல்லியது. இதில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ கோஷம் போட முடியாது. அதனாலோ என்னவோ, தெருவில் யாரும் இதைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

உடைந்த இறக்கை

2024 ஜூலை 13 மாலை. வினியார்ட் விண்டில் ஒரு காற்றாடியின் இறக்கை உடைந்தது. நீளம் 107 மீட்டர். கண்ணாடி நாரும் நுரையும் துண்டு துண்டாக நான்டக்கெட் தீவுக் கரையில் ஒதுங்கின. கோடைச் சீசன் நடுவில் கடற்கரைகளை மூடினார்கள். காலில் குத்தும் பச்சை, வெள்ளைச் சில்லுகளை மக்கள் கூடையில் பொறுக்கினார்கள். கனடாவிலுள்ள ஆலையில் பசை ஒட்டும் வேலை சரியில்லாததே காரணம் என்று தயாரித்த ஜிஇ வெர்னோவா ஒப்புக்கொண்டது. பின்னால் அந்த ஊருக்கு 1.05 கோடி டாலர் கொடுக்கவும் சம்மதித்தது.

இது நிஜமாகவே நடந்த தவறு. கட்டுமானத் தரத்தையும், குப்பை கடலில் விழுந்தால் யார் எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதையும் பற்றிக் கேள்வி கேட்க நல்ல காரணம். ஆனால் ‘திமிங்கலத்தைக் கொல்லவில்லை என்றீர்களே, இப்போது பார்த்தீர்களா’ என்ற பழைய சண்டைக்குள் இதுவும் கரைந்துபோனது.

படகுக்காரர் பக்கம் யாரும் திரும்பவில்லை

ஓஷன் விண்ட் திட்டங்கள் இரண்டையும் ஓர்ஸ்டெட் 2023 அக்டோபர் 31 அன்று கைவிட்டது. மொத்தம் 2,200 மெகாவாட்டுக்கு மேல். வட்டி ஏறியதும் உதிரிபாகம் கிடைக்கத் தாமதமானதும் காரணம் என்றார்கள். கரையில் சிலர் திமிங்கலங்கள் பிழைத்தன என்று கொண்டாடினார்கள். மறு ஆண்டும் திமிங்கலங்கள் செத்து ஒதுங்கின.

இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்துவது வேறொரு கோப்பு. 65 அடிக்கு மேலான கப்பல்கள் குறிப்பிட்ட மாதங்களில் குறிப்பிட்ட பகுதிகளில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்துக்குள் போக வேண்டும் என்பது 2008 முதல் இருக்கும் விதி. சின்னப் படகு மோதினாலும் குட்டி சாகிறது என்று கண்டதால், இதை 35 அடிப் படகுகளுக்கும் நீட்டி, பகுதிகளையும் விரிக்க 2022 ஆகஸ்டில் நோவா முன்மொழிந்தது. இன்பப் படகுத் தொழிலும், தூண்டில் மீன்பிடிப்புக்குப் படகு விடுபவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டரை ஆண்டு இழுத்து, 2025 ஜனவரி 16 அன்று அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றார்கள். அது பைடன் அரசின் கடைசி வாரம். நான்கு நாள் கழித்துப் பதவியேற்ற டிரம்ப், அன்றே புதிய கடற்காற்றாலைக் குத்தகைகளை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். காரணங்களின் வரிசையில் கடல் பாலூட்டிகளும் இருந்தன. 2025 ஆகஸ்டில் ரோட் ஐலண்ட் கடலில் 80 சதவீதம் முடிந்திருந்த ரெவல்யூஷன் விண்டின் வேலையையே நிறுத்தச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் தலையிட்டுத்தான் வேலை தொடர்ந்தது.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோதிக் கொல்வது நிரூபணமான படகு வேகத்துக்கான கட்டுப்பாடு ஒரு கட்சி ஆட்சியில் செத்தது. கொன்றதாக ஆதாரம் கிடைக்காத காற்றாலை மறு கட்சி ஆட்சியில் திமிங்கலத்தின் பெயரால் நின்றது. 2023 ஜனவரியில் கடற்கரையில் பதாகை பிடித்த அத்தனை பேரும் அந்தப் படகு விதிக்காக ஒரு வாரம் நின்றிருந்தால், ரைட் வேல் குட்டிகளுக்கு இன்று கூடுதலாக ஒரு பாதுகாப்பு இருந்திருக்கும். அவர்கள் அன்பு பொய்யில்லை என்று மேலே சொன்னேன். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மணப்பாடு

இதை நான் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. 2024 ஜூனில் இந்திய மத்திய அமைச்சரவை கடற்காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் திட்டத்தை ஏற்றது. முதல் 1,000 மெகாவாட்டில் பாதி குஜராத்துக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டில் கண் வைத்திருப்பது தென்கோடிக் கடல், மன்னார் வளைகுடாவை ஒட்டி. அங்கே 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடாவில் கடற்பசுக்களுக்கென்று 2022இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் இருக்கிறது. அங்கே காற்று நல்ல காற்று என்பதை முப்பந்தலில் நின்று பார்த்த யாரும் மறுக்க மாட்டார்கள். எனக்கு அந்தக் காற்றாடிகள் கடலிலும் சுழல வேண்டும் என்றுதான் ஆசை. கடல் சூடாகிப் பவளம் வெளுப்பதைத் தடுக்க நிலக்கரியைக் குறைத்தாக வேண்டும்.

ஆனால் 2016 ஜனவரியை மறக்க முடியவில்லை. திருச்செந்தூர்ப் பக்கம் மணப்பாடு, ஆலந்தலைக் கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் உயிரோடு வந்து ஏறின. மீனவர்கள் ராத்திரி முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தோள் கொடுத்து, கயிறு கட்டிக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்டவற்றில் பல திரும்பி வந்து மறுபடி மணலில் ஏறின. 40க்கும் மேற்பட்டவை செத்தன. பூமி அதிர்ச்சியா, வழி தவறியதா, கூட்டத் தலைவனுக்கு நோயா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 1973லும் அதே கரையில் நூற்றுக்கு மேற்பட்டவை இப்படி வந்திருக்கின்றன. இரண்டு முறையும் அந்தக் கடலில் காற்றாடி இல்லை.

நாளை தூண்கள் இறங்கிய பிறகு மூன்றாம் முறையும் அவை வந்தால்? மணப்பாட்டிலும் நியூ ஜெர்சியில் கேட்டதையேதான் கேட்பார்கள். கேட்கிற மீனவனுக்குப் பதில் சொல்ல, தூணுக்கு முந்தைய கடலின் ஒலி கையில் இருக்க வேண்டும். எந்த மாதத்தில் எந்த விலங்கு எங்கே கூப்பிட்டது, தூத்துக்குடிக்குப் போகும் கப்பல்கள் எவ்வளவு இரைந்தன, விசைப்படகு வராத தடைக்காலத்தில் எவ்வளவு அமைதி என்றெல்லாம். அதைக் கேட்கப் போகும் குழுவில் மணப்பாட்டுக்காரர்களும் இருக்க வேண்டும், அன்று ராத்திரி தோள் கொடுத்தவர்கள் அவர்கள். ஜெர்மனியில் கட்டுவதற்கு முன் இரண்டு முழு ஆண்டு கடலை ஆய்வு செய்த பிறகுதான் வேலை. இங்கே முதல் தூணுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீரடி ஒலிவாங்கிகளை இந்த வருடமே இறக்கினாலும் அந்த இரண்டு ஆண்டு கிடைத்துவிடும்.